அம்மாவின் கண்ணாடிப் பாவாடைக்கு உதவி வேண்டும்

வணக்கம் தோழிகளே. அம்மா, அக்கா, நான், என் மகள் நால்வருக்கும் நாடோடிப் பாணி போஹோ உடைகள் என்றால் உயிர். ஜோல்னா பை, ஆக்சிடைஸ்டு (கறுப்பேற்றிய) ஜிமிக்கி, அஜ்ரக் அச்சுத் துப்பட்டா எல்லாம் ஒரே அலமாரியில்தான். யார் முதலில் எடுக்கிறார்களோ, அன்றைக்கு அது அவர்களுக்கு.

அதில் பெரிய சொத்து, அம்மா 1988இல் அகமதாபாத் லா கார்டன் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி வேலைப் பாவாடை. அக்காவும் நானும் கல்லூரிக்கு உடுத்தினோம். இப்போது மகள் கேட்கிறாள், ஆனால் 12 கண்ணாடிகள் உதிர்ந்துவிட்டன. குஜராத்தின் கட்ச் பகுதி வேலைப்பாட்டில் கண்ணாடியில் துளையே இருக்காது. மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டி, அதைப் பிடித்துச் சுற்றிலும் தைப்பார்கள். பக்கத்துத் தையல் கடையில் பசை போட்டு ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் இதைக் கையால் தைத்துத் தருபவர் யாரையாவது தெரியுமா? பிளாஸ்டிக் இல்லாத நிஜக் கண்ணாடி வில்லைகள் சவுகார்பேட்டையில் கிடைக்குமா? அப்புறம், அக்காவின் ஆக்சிடைஸ்டு வெள்ளிக் கொலுசைப் புளி போட்டுத் தேய்த்ததில் கறுப்பெல்லாம் போய்விட்டது. அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? மகளின் கல்லூரி விழாவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.