ஆட்டுக்கறி சாசேஜ் உதிர்ந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் மான்கறி சாசேஜை, அதாவது அரைத்த கறியைக் குடலில் அடைத்துச் செய்வதை, வீட்டிலேயே செய்வார். அங்கே உரிமம் எடுத்து வேட்டையாடலாம். மான்கறியில் கொழுப்பு குறைவு, அதனால் மாட்டுக் கொழுப்பு சேர்த்து அரைப்பாராம். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி மானைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். சரி, வெள்ளாட்டுத் தொடைக்கறியில் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

1 கிலோ கறிக்கு 18 கிராம் உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் சோம்பு. குடலை உப்புப் போட்டுத் தேய்த்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை சுரண்டிக் கழுவினேன். வாசனை வீட்டையே தூக்கியது. ஆனால் சட்டியில் போட்டதும் கொழுப்பெல்லாம் தனியே ஓடிவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கறி மணல் மாதிரி உதிர்கிறது. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் அரைக்கும்போதே கொழுப்பு இளகிவிடுகிறது என்று நினைக்கிறேன். கறியோடு அரைக்கும் மிஷினையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டுமா? கொழுப்பு கால் பங்கு போதுமா? வெள்ளாட்டுக் கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, செம்மறிக் கொழுப்பு தேவலையா?

பெருநாளைக்கு மச்சான் வருகிறார். அவர் தட்டில் நம் ஊர்க் கறியில் செய்ததை வைக்க ரொம்ப ஆசை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.