மேல்மாடி அறை இரவிலும் வெக்கை: கொங்கிறீற் கூரைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி:
யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம், 5 அங்குலக் கொங்கிறீற் கூரை போட்ட மேல்மாடி அறை. இரவு 11 மணிக்கும் கூரையின்ர உள்பக்கத்தைத் தொட்டால் சுடுது. பின்னேரத்தில மேல தண்ணி அடிச்சும் பெரிசாக் குறையேல்லை. உள்ளுக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) அடிக்கச் சொல்லுகினம். சரிவருமா?

பதில் 1:
தம்பி, பகல் முழுக்கக் குடிச்ச வெயிலைத்தான் கூரை இரவில கக்குது. மேல்பக்கச் சூடு கீழ இறங்க மூண்டு நாலு மணித்தியாலம் செல்லும். அதால வேலை மேல்பக்கத்திலதான்.

கம்பித் தூரிகையால தேய்ச்சுக் கழுவி, வெடிப்புகளை அடைச்சு, ஈரமாக்கிப்போட்டு வெள்ளை பூசுங்கோ. 5 பங்கு நீத்துச் சுண்ணாம்பு, 1 பங்கு வெள்ளைச் சீமெந்து, பால் பதத்துக்குத் தண்ணி; காய விட்டுக் காய விட்டு மூண்டு தரம். உச்சி வெயிலில பூசினால் ஈரம் உடனே இழுபட்டு, தூளாய் உதிரும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். செம்மண் புழுதி படிஞ்சால் வெள்ளை மங்கும். மாசியில கழுவிப் புதுசாப் பூசினால், சித்திரை (ஏப்ரல்) நடுவில சூரியன் நேர் உச்சிக்கு வரேக்க முழுப் பலன்.

பதில் 2:
வெள்ளை நல்லது, நிழல் அதைவிட நல்லது. கூரைக்கு மேல 3 அடி விட்டு இரும்புச் சட்டம் அடிச்சு வெள்ளைத் தகரம் போடுங்கோ. நாலு பக்கமும் திறந்திருக்க வேணும். அடைச்சால் தகரத்தின்ர சூடு கூரைக்கே இறங்கும். கால்களைப் பீமுக்கு நேர் மேல ஆங்கர் போல்ட்டால இறுக்குங்கோ, இல்லாட்டிக் கார்த்திகைப் புயலுக்குத் தகரம் பட்டம் மாதிரி எழும்பும். கிடுகுப் பந்தலும் குளிர்ச்சிதான், ஆனால் நெருப்புப் பயமும் கறையானும் இருக்கு.

தண்ணி அடிக்கிறதை விடுங்கோ. சுண்ணக்கல்லுக்குள்ள தங்குற மழைத்தண்ணிதான் எங்கட கிணறு, அதை வீணாக்கக் கூடாது. அதோட, உவர்த்தண்ணி வெடிப்புக்குள்ள இறங்கினால் கம்பி துருப்பிடிச்சு, கொங்கிறீற் பொருமி விழும்.

பதில் 3:
ரெஜிபோம் வேண்டாம். நெருப்புப் பிடிச்சால் உருகி ஒழுகும், கரும்புகை அறையை நிரப்பும்.

மேற்கில யன்னல் இருந்தால் அதையும் பாருங்கோ. பின்னேர வெயில் சரிஞ்சு வாறதால மேலால நீட்டின சன்சைட் அதை மறிக்காது. யன்னலுக்கு வெளியில பனையோலைத் தட்டி தொங்கவிடுங்கோ. உள்ளுக்குத் திரை போட்டால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்திட்டுது. பொழுதுபட்டதும் தட்டியைச் சுருட்டிச் சோழகத்தை (தென்மேற்குக் காற்றை) உள்ள விடுங்கோ. எதிர்ப்பக்கம் போக வழியில்லாட்டிக் காற்று நுழையாது. கதவைப் பூட்டிப் படுக்கிறதெண்டால் அதுக்கு மேல கிராதி வைக்க வேணும்.