பூட்டன் பெயர் தெரியாது: தேடுவதற்கு எங்கே படித்துக்கொள்வது?

கொட்டகலை பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பொங்கலுக்கு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனபோது அப்பாயியின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்த ஒரு பிரஜாவுரிமைக் கடிதம், தாத்தா எழுதிவைத்த மொய் நோட்டு, இவ்வளவுதான் இருந்தது. பூட்டன் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

குடும்ப வரலாறு தேடுவது எப்படி என்று நிறைய வீடியோ பார்த்துவிட்டேன். எல்லாம் இங்கிலாந்து சனத்தொகைக் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவு என்றே போகிறது. நம் ஆட்களுக்கு எங்கே அதெல்லாம்? நீங்கள் எப்படிப் படித்துக்கொண்டீர்கள்? அப்பாயிக்கு 83 வயது. அதுதான் அவசரம்.

நோர்வூட் தம்பி:
அக்கா, முதலில் அப்பாயியின் குரலைப் போனில் பதிவுசெய்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். "நூலகம்" என்ற இணையத்தளத்தில் மலையகப் புத்தகங்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் வாசித்தாலே நிறையப் பிடிபடும்.

ஹப்புத்தளை டீச்சர்:
தங்கச்சி, உன் வகுப்பு அந்தத் தகரப் பெட்டிதான். 11 வருடமாகத் தேடுகிறேன், எனக்குக் கைகொடுத்த வழி இது ஒன்றுதான். கையில் இருக்கும் காகிதத்தை வாசிக்க என்ன தெரிய வேண்டுமோ அதைப் படித்துக்கொள்வேன். அது விளங்கிய பிறகே அடுத்த காகிதம்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடு. தாய் தகப்பன் பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவது எல்லோருக்கும் வழக்கம். நீ இன்னும் கீழே போ. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா, பிறந்திருந்தால் பெயர், ஆண்டு, இடம் என்ன என்று ஒரு கூடு இருக்கும். அதற்குக் கீழே பூட்டனாருக்கும் ஒரு கூடு. பிள்ளை பிறந்ததைப் பதிய பூட்டன் எதற்கு என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை உட்கார்ந்து வாசித்த அன்றுதான் விளங்கியது. பரம்பரை வழியில் பிரஜையாவதற்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். நம் சனத்தை நாடற்றவர்களாக்கிய கேள்வி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் அப்பாவுக்குப் பாட்டன் என்றால் உனக்குப் பூட்டன். அதை மறந்துவிடாதே. கூட்டில் வெறும் கோடு போட்டிருந்தால், இந்தியாவில் பிறந்தவர் என்று உடனே முடிவுகட்டாதே. எழுதியவர் கேட்காமலும் விட்டிருக்கலாம்.

பிரஜாவுரிமைக் கடிதத்தில் கோப்பு இலக்கம் இருந்தால் இன்றைக்கே படமெடுத்து வை. 1949ஆம் ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள் 1946 சனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கல்யாணம் ஆனவர்களுக்கு 7 வருடம், மற்றவர்களுக்கு 10 வருடம். அதனால் 1936, 1939 வரைக்கும் பின்னோக்கிப் போய் அத்தாட்சி தேடினார்கள். அந்தக் கோப்புக்குப் போக அந்த இலக்கம் ஒரு வாசற்கதவு மாதிரி.

அடுத்தது பெயர். இதில் எனக்கு இரண்டு வருடம் வீணாகப் போனது. ஒரு பழைய செக்ரோல் (தோட்டத்து வேலையாள் பதிவேடு) பிரதியில் தாத்தாவின் பெயரைக் கண்டேன், தோட்டமும் அதேதான். சந்தோஷத்தில் அந்த மனிதரின் பிள்ளைகளை எல்லாம் நம் சொந்தமாக எழுதிவைத்துவிட்டேன். ஆள் வேறு. நம் வழக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தானே? அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் மூத்த பையன் பிறந்தால் ஒரே லயத்தில் ஒரே பெயரில் மூன்று பேர். அதிலிருந்து எதையும் பென்சிலால்தான் எழுதுகிறேன். மனைவி பெயர், லயம், வேலை வாங்கிய கங்காணி மூன்றும் பொருந்தினால்தான் பேனா.

அப்பாயியிடம் "எந்த ஊர்" என்று கேட்காதே. என் சித்தியிடம் கேட்டபோது "திருச்சிப் பக்கம்" என்றார். கேட்ட வேறு பலரும் அதையேதான் சொன்னார்கள். தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் 1904 முதல் திருச்சியில்தான் இருந்தது. அதனால் அது ஊரின் பெயரா, ஆள் சேர்த்த இடத்தின் பெயரா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. குலதெய்வம் எது, என்ன படைப்பீர்கள், முடியிறக்க எங்கே போவதாகச் சொன்னார்கள் என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. பெரியவர்கள் யோசிக்கும்போது நாம் குறுக்கே பேசிவிடுகிறோம்.

சிங்கள எழுத்தை 50 வயதுக்கு மேல் பஸ் போர்டு பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பழைய ஆங்கிலக் கையெழுத்தில் இறங்கியிருக்கிறேன். முடிந்தால் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் போய் வா.

கூடலூர் பேரன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் இந்தியா வந்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். எங்கள் வீட்டில் குடும்ப அட்டையை இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். உங்கள் தாத்தாவின் அண்ணன் தம்பி யாராவது நீலகிரிப் பக்கம் வந்திருந்தால் அவர்கள் வீட்டிலும் கேளுங்கள். அங்கே தொலைந்தது இங்கே இருக்கலாம்.

கொட்டகலை பேத்தி:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். டீச்சர், பூட்டன் பெயர் அப்பாவின் சான்றிதழிலேயே இருக்கிறது! இத்தனை வருடமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பிறந்த ஆண்டு 1911. இடத்தின் பெயர் மட்டும் மடிப்பில் போய்விட்டது, ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும்தான் மிச்சம். அது எம்மா, டபிள்யூவா தெரியவில்லை. மஸ்கெலியாவா, வட்டகொடையா?

அப்பாயியிடம் குலதெய்வம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கோயில் வாசல்ல ரெண்டு மண்குதிரை, ஒண்ணுக்குக் கால் ஒடஞ்சிருக்கும்னு என் மாமியா சொல்லும்" என்றார். அப்பாயி அந்தக் கோயிலைப் பார்த்ததே இல்லை. பதிவுசெய்துவிட்டேன்.

ஹப்புத்தளை டீச்சர்:
குதிரை என்றால் ஐயனாராக இருக்கலாம், அதையும் பென்சிலால் எழுது. எழுத்துக்கு வழி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆணா பெண்ணா என்ற கூட்டில் ஆண் என்பதற்கு ஆங்கிலத்தில் "மேல்" (Male) என்று அதே கை எழுதியிருக்கும். அந்த எம்மைப் பக்கத்தில் வைத்துப் பார்.

கொட்டகலை பேத்தி:
பார்த்தேன். "மேல்" என்ற சொல்லில் எம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. ஊர்ப் பெயரிலும் அதே கொக்கி. அப்படியென்றால் வட்டகொடை இல்லை. மஸ்கெலியாவா, மாத்தளையா, மத்துரட்டையா என்று இனித்தான் பார்க்க வேண்டும். மூன்றையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.