புதுப்பிப்பு: டிஎச்பி-1 செல்கள் பற்றிய என் முந்தைய கேள்வி

இறுதியாண்டு ஆய்வுக்கு, நன்கொடையாளர் இரத்தத்துக்குப் பதிலாக, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் டிஎச்பி-1 என்ற மனித வெள்ளையணுச் செல்வரிசை போதுமா என்று சென்ற மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் நன்றி.

முதல் தட்டில், இச்செல்களை முதிரவைக்கும் பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்த ஆறு மணி நேரத்திலேயே நான் அவசரப்பட்டுக் கழுவியதால், சரியாக ஒட்டாத செல்கள் பாதிக்குமேல் கழுவுநீரோடு போய்விட்டன. 48 மணி நேரம் காத்திருந்த இரண்டாம் தட்டிலோ, உருண்டையாக மிதந்தவை அடியில் ஒட்டி, சப்பையாகி, பெருகுவதை நிறுத்தி, கிருமிகளை விழுங்கும் விழுங்குசெல்களைப் போலவே மாறின. பிஎம்ஏ நேர்வாள எண்ணெயில் உள்ள பொருள் என்றும், நேர்வாளமும் ரப்பர் பால்மரமும் ஒரே குடும்பம் என்றும் சொன்னபோது, முப்பது ஆண்டுகள் மரம் சீவிய அப்பா, "பேதி மருந்தையா செல்லுக்கு ஊற்றுகிறாய்?" என்று சிரித்தார்.

ஆனால் போதுமா என்ற கேள்விக்கு, முழுமையாகப் போதாது என்பதே என் முடிவு. 1980-இல் அறிவிக்கப்பட்ட இச்செல்வரிசை, இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு வயது ஆண் குழந்தையிடமிருந்து வந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே விடை கிடைக்கிறதே தவிர, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு அதில் தெரிவதில்லை. டி-செல்கள் என்ற வெள்ளையணு வகைக்குப் பதிலாகப் பயன்படும் ஜர்காட் செல்வரிசையிலும், வளர்ச்சிக்குத் தடைபோடும் பிடென் புரதம் இல்லாததால், ஒரு வளர்ச்சிச் சமிக்ஞை ஓயாமல் இயங்கியபடியே இருக்கிறது. எனவே முக்கியமான இரண்டு அளவீடுகளை மட்டும், நெறிமுறை அனுமதி கிடைத்தபின், புதிய இரத்தத்தில் மீண்டும் செய்ய மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டுள்ளார்.