புதுப்பிப்பு: மகளுக்கான அறக்கட்டளை பதிவாகிவிட்டது

அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு வீட்டை நேரடியாக எழுதிவைப்பதா, அவளுக்காக வேறொருவர் சொத்தை நிர்வகிக்கும்படி அறக்கட்டளை அமைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். அறக்கட்டளைதான். சொத்து அவள் பெயரில் இருந்தால், வசதி பார்த்துத் தரப்படும் அரசு உதவிகள் நின்றுபோகலாம். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கவும் ஆள் வரும்.

அதிகம் யோசித்தது அந்தச் சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் யார் என்பதைத்தான். மகன் தங்கமானவன். ஆனால் அவளுக்குப் பின் மீதிச் சொத்து அவனுக்கே சேரும் என்பதால், தங்கைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவனுக்குச் சங்கடமாகும். எனவே வெளியாள் ஒருவரையும் உடன் சேர்த்தோம். இருவருக்கும் மாற்று ஆட்களையும் பத்திரத்திலேயே குறித்தோம்.

கூடவே, அவளைப் பிறகு பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு விருப்பக் கடிதம். மாத்திரையைப் பொடித்துத்தான் தர வேண்டும், இருட்டில் தூங்கமாட்டாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சட்டப்படி கட்டுப்படுத்தாது, எனக்கு அதுதான் உயிர்.

எந்தப் பணமும் நேரடியாக அவள் பெயருக்குப் போகாமல் அறக்கட்டளைக்கே சேர வேண்டும் என்பதால், காப்பீட்டுப் பணம் யாருக்கு என்ற நியமனத்தை மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். பாட்டியும் தன் உயிலைத் திருத்தச் சம்மதித்துவிட்டார்.