பரண்ல இருந்து அம்பு விட்டா மேல போகுது, வில்லுல குறி பாக்குற பின்னை (ஊசியை) மாத்தணுமா?

கரையோரன், கீழக்கரை:
அக்டோபர்ல அமெரிக்காவுல ஒஹாயோ போறேன், மச்சானோட மரப்பரண்ல ஏறி வெள்ளைவால் மான் வேட்டை. லைசென்ஸ் எல்லாம் அவர் பாத்துக்குவார். தரையில 20 கெஜத்துல காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலயும் சக்கரம் வெச்சது) குறி தப்பாது. மொட்டை மாடியில இருந்து கீழ விட்டா ஒரு சாண் மேல படுது. பின்னை இறக்கவா, ஏத்தவா?

நாணேற்றி:
பின்னைத் தொடாதீங்க. 20 அடி உயரம், மரத்தடியில இருந்து 20 கெஜம்னா சாய்வா அளந்தாலும் 21 கெஜம்தான் வரும். அதுக்கு ஒரு சாண் ஏறாது. வில் புடிச்ச கையை மட்டும் தாழ்த்துறீங்க, அதான் கோளாறு. கை இறங்கினா நாண் தாடையில பதியுற இடம் மாறும், பீப் (நாண்ல இருக்குற சின்ன துளை) வழியா பாக்குற கோணமும் கெடும். மட்டமா இழுத்து, நாண் பதிஞ்ச பிறகு இடுப்புல இருந்து குனியுங்க. தோள் அசையக் கூடாது.

மாடிக் கைப்பிடிச் சுவர்ல கீழ்ச் சக்கரம் இடிக்கும். அதுக்காகச் சுவர் மேல ஏறிடாதீங்க! வெளிப்படிக்கட்டுல 6 அடி உயரத்துல, இறங்குற பக்கம் பாத்து நின்னு, 6 கெஜத்துல நெஞ்சு உயரத்துக்குக் குறி வைங்க. கிட்டத்தட்ட பரண் கோணம் வந்துடும். அவ்வளவு கிட்டத்துல 20 கெஜ பின்னுக்கு அம்பு கொஞ்சம் கீழ படும், படட்டும். பழகுறது இடுப்புக்குத்தான்.

உப்புக்காத்து:
கச்சான் வீசுற நேரத்துல பழகாதீங்க, குறைச்சல் உங்க கையிலயா காத்துலயான்னு தெரியாது. விடியக்காலைதான் சரி. வெறும் மணல் மூட்டையில அடிச்சா கார்பன் அம்பு தேஞ்சுடும். உரச்சாக்குல பழந்துணியை இறுக்கித் திணிச்சு, மணல் மூட்டையைப் பின்னாடி அடுக்குங்க. ஆடு, ஆள் திரியுற சந்துப் பக்கம் வேணவே வேணாம். நாணுக்கு மெழுகு, போல்ட்டுக்குத் துளி எண்ணெய். நம்ம ஊர்ல சாக்கு மட்டும்தான் குறி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டைக்கு ஜெயில்.

கரையோரன்:
படிக்கட்டுல பாக்குறேன். ஹலால் விஷயம்?

பெரிய காக்கா:
தம்பி, அம்பு விடும்போதே பிஸ்மில்லா சொல்லணும். முனை கிழிச்சுச் செத்திருக்கணும், மோதிச் செத்தா ஆகாது. போய்ப் பாக்கையில உயிர் இருந்தா அறுத்துடணும்.

லைசென்ஸை மச்சான் பாத்துக்க முடியாது. ஹன்டர் எஜுகேஷன் படிப்பை நீங்களே முடிக்கணும். இல்லேன்னா அப்ரன்டிஸ் (பழகுறவங்களுக்கான) லைசென்ஸ் எடுத்து, 21 வயசு நிறைஞ்ச, லைசென்ஸ் உள்ளவர் கூடவே இருக்கணும். மான் பெர்மிட் தனி.

முழு உடம்பு ஹார்னஸ் (விழாம மரத்தோட கயித்துல மாட்டுற வார்) இல்லாம ஏறாதீங்க. கால் தரையை விட்டதுல இருந்து திரும்பத் தரை மிதிக்கிற வரைக்கும் கயிறு மாட்டியே இருக்கணும். உக்காந்தா கயிறு தலைக்கு மேல, தொய்வில்லாம. வில்லைத் தூக்கிட்டு ஏறாம, மேல போய்க் கயித்துல இழுங்க, அம்பு பூட்டாம.

மான் நேர் கீழ வந்தா விடாதீங்க, அந்தக் கோணத்துல ஒரு நுரையீரல்தான் படும். 15-25 கெஜத்துல பக்கவாட்டா, இல்ல லேசா அப்பால் திரும்பி நிக்கையில விடுங்க. அம்பு எங்க நுழையுதுங்கறதை விட எங்க வெளிய வரும்னு பாத்துக் குறி வைங்க. நெஞ்சுல பட்டா அரை மணி நேரம் பொறுங்க. அம்புல பச்சையா, குடல் நாத்தம் அடிச்சா எட்டு மணி நேரத்துக்குக் கிட்டப் போகாதீங்க. துரத்தினா எழுந்து ஓடி, ரத்தத் தடமே கிடைக்காது.