போக்கர் மேசையில் தப்பைச் சொல்லலாமா, வேண்டாமா?

நேற்று பிளைண்ட் (சீட்டுப் போடுமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 100/200. ஒருவர் 600-க்கு ஏற்றினார், அடுத்தவர் 900 வைத்தார். முதல் ஏற்றம் 200-லிருந்து 600, அதாவது 400; அடுத்த ஏற்றமும் அவ்வளவாவது இருக்க வேண்டும் என்பதால் குறைந்தபட்சம் 1000 ஆக வேண்டும். டீலர் கவனிக்கவில்லை. நான் அப்போதே ஃபோல்டு செய்திருந்தேன், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகியிருந்தேன். "இன்னும் 100 வைக்கணுமே" என்று வாய்விட்டேன். "ஆட்டத்துல இல்லாதவருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று 900 வைத்தவர் முறைத்தார், சிப்ஸை டொக்கென்று வைத்தபடி.

திறந்து வைத்த சீட்டில் ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) இருப்பதைக் கவனிக்காமல் டீலர் பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையை) வேறு பக்கம் தள்ளினால், யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மூடிய சீட்டைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அதெல்லாம் சரி. இப்படிப் பாதி ஆட்டத்தில் நடந்தால்? சத்தமாகச் சொல்வீர்களா, டீலரிடம் மட்டுமா? ஆட்டத்தில் நாமும் இருந்தால், நமக்கு லாபமான தப்பைக்கூடச் சொல்வீர்களா? அனுபவசாலிகள் கொஞ்சம் சொல்லுங்கள்.